என் முன்னிலையில் – 9

சனிக்கிழமை காலையில் கண் விழித்ததும் ரமோனா கபால்டனுக்குப் புதன்கிழமைதான் நினைவுக்கு வந்தது. மூன்று நாளாக இப்படித்தான்.

புதன்கிழமை அவள் செய்தது சின்ன காரியம்தான். அண்ணன் ஒர்லாண்டோ தன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறான். பத்திரங்களில் கையெழுத்து வாங்கிவரும் வேலை, புதிதாக நோட்டரி ஆகியிருக்கும் அவளுக்கே வந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அவள் எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் வீட்டுக்கே ரமோனா போயிருந்தாள்; அண்ணி இனெஸ் கூடத்துக்கு வரவில்லை.

"அவளுக்கு ஒத்தைத் தலைவலி. உள்ள படுத்துக் கிடக்கா. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஒர்லாண்டோ தாள்களோடு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திரும்பி வந்தபோது எல்லாத் தாளிலும் இனெஸின் கையெழுத்து இருந்தது.

'இன்று என் முன் நேரில் வந்து' என்று அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே ரமோனா முத்திரையைக் குத்தினாள்.

கதவைத் தட்டி, "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாசலில் இனெஸின் கார் இல்லை என்பதும் அவள் கண்ணில் பட்டது. பட்டறைக்குப் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இன்று அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். செப்டம்பர் பிறந்துவிட்டால் பெலென் ஊர் முழுக்கப் பச்சை மிளகாய் வறுக்கிற வாசனைதான். குளிர்காலத்துக்கு வேண்டிய மிளகாயை ஒர்லாண்டோ வீட்டு முற்றத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வறுத்து, தோலுரித்து, பையில் கட்டிப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

காரில் ஏறும்போது போனில் ஒரு செய்தி வந்தது. பத்திர அலுவலகத்து வெல்டன் அம்மாள் அனுப்பியிருந்தாள்.

'உன் புதன்கிழமைத் தாள்களைப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. புது ஆட்களில் உன்னை மாதிரி யாரும் கிடையாது. திங்கட்கிழமை உனக்கு இன்னும் வேலை வைத்திருக்கிறேன்.'

ரமோனா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மாதம் முன்னால் இப்படி ஒரு செய்தி வந்திருந்தால் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் காட்டியிருப்பாள். நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் பதினோரு வருஷம் அறை துடைத்து முழங்கால் தேய்ந்தவள் அவள். பரீட்சையில் ஒரு தடவை தோற்று, மறுபடி எழுதித் தேறி, கைரேகை கொடுத்து, சத்தியப் பிரமாணம் எடுத்து வாங்கிய முத்திரை அது.

*

முற்றத்தில் கூண்டு சுழன்றுகொண்டிருந்தது. கம்பிக் கூண்டுக்குள் மிளகாய்கள் புரள, அடியில் எரிவாயு நெருப்பு சீறியது. ஒர்லாண்டோ கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சீட்டியடித்தான். அவன் சீட்டியடித்து ரமோனா கேட்டு ரொம்ப நாளாயிற்று.

"வாங்க, நோட்டரி அம்மா வந்தாச்சு" என்றார் பக்கத்து வீட்டு லியாண்ட்ரோ. "இந்த மிளகாய் உண்மையான மிளகாய்தானான்னு ஒரு முத்திரை குத்திட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒர்லாண்டோவும் சிரித்தான். அவளைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை.

சமையலறையிலிருந்து இனெஸ் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எல்லாக் குழந்தைகளையும் அதட்டியே பழகியதால் அன்பைக்கூட அதட்டலாகத்தான் சொல்வாள்.

"ஏன்டி இவ்வளவு நேரம்? கை கழுவிட்டு உள்ள வா. கையுறை மாட்டிக்கோ, போன வருஷம் மாதிரி எரியுது எரியுதுன்னு குதிக்காத."

"தலைவலி எப்படி இருக்கு அண்ணி?"

அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று ரமோனாவுக்கே தெரியவில்லை.

"எனக்கு என்ன தலைவலி? தலைவலி வர நேரம் எங்க இருக்கு?" இனெஸ் மிளகாய்ப் பாத்திரத்தை அவள் கையில் திணித்தாள். "புதன்கிழமை முழுக்க எங்க அம்மாவோட அல்புகர்க்கி கண்ணாஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். விடியறதுக்கு முன்ன போனவ, இருட்டினப்புறம்தான் வந்தேன். நல்லவேளை, உன்கிட்டக் கேக்கணும்னு இருந்தேன். அம்மா ஒரு காகிதம் எழுதி வெக்கணும்ங்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் முடிவெடுக்கிற மாதிரி. அதுக்கு நோட்டரி வேணுமாம். யாரோ தெரியாதவங்க எதுக்கு, ரமோனா இருக்கான்னேன். 'அவ கண்டிப்பாச் செய்வாளா'ன்னு கேட்டாங்க. அம்மா, அவளாட்டம் நேர்மையான ஆளு இந்தக் குடும்பத்துலயே கிடையாதுன்னேன்."

லியாண்ட்ரோ, "அது சரிதான்" என்றார்.

ரமோனாவுக்குக் காது சுட்டது. பாத்திரத்தை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

படுக்கையறையில் அன்றைக்கு யாருமே இல்லை. அண்ணன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பெண்டாட்டி பெயரை ஒவ்வொரு தாளிலும் எழுதியிருக்கிறான். ரமோனா வெளியே அவன் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

"என்னடி முகம் இப்படிப் போகுது?"

"புகை, அண்ணி."

*

அடுத்த மூட்டையை அவிழ்க்க ஒர்லாண்டோ கொட்டகைப் பக்கம் போனபோது ரமோனா பின்னாலேயே போனாள்.

"அண்ணே."

"அந்தக் கத்தியை எடு."

"அண்ணி புதன்கிழமை வீட்டுலயே இல்ல."

அவன் மூட்டையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பிறகு கயிற்றை அறுத்தான்.

"சொல்லிட்டாளா?"

"அவங்களுக்கு என்ன தெரியும் சொல்றதுக்கு? ஆஸ்பத்திரியில இருந்தேன்னு சொன்னாங்க."

"மெதுவாப் பேசு."

"யார் போட்டது அந்தக் கையெழுத்த?"

"நீ என்ன குழந்தையா?" அவன் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "ரமோனா, முப்பது வருஷமா பால் கம்பெனிக்காரன் லாரிய ஓட்டறேன். ஒரு லாரி சொந்தமா வேணும்னு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். வீட்டைத் தொடாதன்னுட்டா. அவ அப்பா வீட்டை வெச்சுத் தொலைச்சாரு, சரி. அதுக்கு நான் என்ன செய்ய? கூரை மாத்தப்போறேன்னு எழுதிக் கொடுத்தேன், கடன் தர்றோம்னுட்டாங்க. நல்ல லாரி ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டா அவளே ஒத்துக்குவா."

"நேர்ல பாக்காம முத்திரை குத்தக் கூடாதுண்ணே."

"தெரியும்."

"அடுத்த அறையில ஆள் படுத்திருந்தா என்ன செய்யணும்னு பரீட்சையில ஒரு கேள்வி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க. எங்க வீட்டுச் சமையல் மேசையில உக்காந்து. 'எழுந்து போய்ப் பாக்கணும்'னு நான் சொன்னதும் சரின்னு கையத் தட்டினீங்க."

ஒர்லாண்டோ கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டான்.

"அப்ப நீ ஏன் எழுந்து போய்ப் பாக்கல?"

அவள் குனிந்து அறுந்த கயிற்றை எடுத்தாள்.

"கார் இல்லாததை நீயும் பாத்த. நீ பாத்ததை நானும் பாத்தேன். நீ கேப்பன்னு நெனச்சேன். கேட்டிருந்தா அங்கயே எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டிருப்பேன், சத்தியமா. நீ கேக்கல. பேனாவைத்தான் எடுத்த." அவன் குரல் இறங்கியது. "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. இன்னியோட கெடு முடியுது. அப்புறம் நானே அவகிட்டச் சொல்லிடறேன்."

கெடு என்ன என்று ரமோனாவுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்தவர்கள் மனம் மாறினால், வேண்டாம் என்று எழுதித் தபாலில் போடச் சட்டம் சில நாள் அவகாசம் தருகிறது. வீட்டுக்கு உரியவர் இருவரில் ஒருவர் எழுதினாலே போதும், கடன் நின்றுவிடும். அதுவரை பணம் கைக்கு வராது; அந்த அவகாசம் இன்றோடு சரி. தபால் நிலையத்தில் சனிக்கிழமை நண்பகலுக்குக் கதவை மூடிவிடுவார்கள்.

இதையெல்லாம் கடனாளிகளுக்கு எடுத்துச் சொல்வதும் அவள் வேலைதான். புதன்கிழமை அதையும் ஒப்பித்தாள். அண்ணனிடம் மட்டும்.

*

சமையலறையில் இனெஸ் தனியாக உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தாள். கருகிய தோல் அவள் விரல்களில் வழுக்கிக்கொண்டு வந்தது.

ரமோனா எதிரே உட்கார்ந்தாள். ஒரு மிளகாயை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

"அண்ணி, உங்க வீட்டு மேல கடன் வாங்கியிருக்காரு."

இனெஸின் கை நிற்கவில்லை. "யாரு?"

"அண்ணன். லாரி வாங்க. புதன்கிழமை கையெழுத்தாச்சு. நான்தான் வந்து வாங்கினேன்."

"நான் இல்லாம எப்படிக் கையெழுத்தாகும்?"

"நீங்க உள்ள தலைவலியோட படுத்திருக்கறதாச் சொன்னாரு. தாளை உள்ள கொண்டு போனாரு. கொண்டு வந்தாரு. நான் முத்திரை குத்தினேன்."

இப்போதுதான் கை நின்றது.

"உள்ள வந்து பாத்தியா?"

"இல்ல."

"ஒரு குரல் கொடுத்தியா?"

"இல்ல."

"கார் இல்லையே வாசல்ல."

"பாத்தேன்."

இனெஸ் உறைகளை ஒவ்வொரு விரலாக உருவிக் கழற்றினாள். திட்டுவாள் என்று ரமோனா காத்திருந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"என் கையெழுத்த எப்படிப் போட்டிருந்தான்?"

"அண்ணி..."

"கேக்கறதுக்குச் சொல்லு. சரியாப் போட்டிருந்தானா?"

"நீங்க போடற மாதிரியே. கடைசி எழுத்தக்கூட அப்படியே சுழிச்சிருந்தாரு."

"அப்ப எழுதிப் பழகியிருக்கான்." இனெஸ் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள். கூண்டு மறுபடி சுழல ஆரம்பித்திருந்தது. "எங்க உக்காந்து பழகினானோ. நான் சமைக்கறப்பவா, தூங்கறப்பவா."

ரமோனா மிளகாய்ப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"என்ன செய்யணும் இப்ப? செய்ய ஏதாவது வழி இருக்கறதுனாலதான நீ வாயத் திறக்கற?"

"ஒரு வெள்ளைத்தாள் போதும். எனக்கு இந்தக் கடன் வேணாம்னு எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும். நண்பகலுக்குள்ள பதிவுத் தபால்ல போடணும்."

"எழுத்து என்னோடதா இருக்கட்டும். நீ தொடாத."

இனெஸ் கைகளைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். மளிகைச் சீட்டு எழுதும் தாள் ஒன்றைக் கிழித்து நின்றுகொண்டே எழுதினாள். கடன் கொடுப்பவர்களின் முகவரியை மட்டும் ரமோனா சொன்னாள். எழுதி முடித்ததும் இனெஸ் அதை வாய்விட்டுப் படிக்கவும் இல்லை, ரமோனாவிடம் காட்டவும் இல்லை. நான்காக மடித்துக்கொண்டாள்.

"வண்டியில ஏறு. எங்க, எப்படின்னு நீதான சொல்லணும்."

முற்றத்தைக் கடக்கும்போது லியாண்ட்ரோ, "எங்க ரெண்டு பேரும்?" என்றார்.

"உப்பு தீந்துடுச்சு" என்றாள் இனெஸ்.

ஒர்லாண்டோ கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே தங்கையைப் பார்த்தான். ரமோனா தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினாள். கண்ணாடியில் அவன் சுற்றுவதை நிறுத்துவது தெரிந்தது.

*

தபால் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்ற ஒரு கிழவர் பேரனுக்கு மிளகாய்ப் பொட்டலம் அனுப்ப வந்திருந்தார். அது வழியில் கெட்டுப்போகாதா என்று அலுவலரோடு நிதானமாகத் தர்க்கம் செய்துகொண்டிருந்தார். இனெஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ரமோனா அதை மட்டும்தான் பார்த்தாள்.

"முத்திரை வாங்கினதும் எனக்குத்தான் முதல்ல காட்டின" என்றாள் இனெஸ், முன்னால் பார்த்தபடியே. "எங்க வீட்டுக் காலண்டர் மேல குத்திக் காட்டின."

"ஆமா."

"உன் அண்ணன் திருடினான். அவன் ஆசைக்காரன், எனக்குத் தெரியும். நீ ஏன்டி?"

ரமோனா பதிலைத் தேடினாள். மூன்று நாளாகத் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

"அல்புகர்க்கியில நோட்டரி வகுப்புக்கு வேலை முடிஞ்ச அலுப்போட அண்ணன்தான் கூட்டிட்டுப் போவாரு. வகுப்பு முடியற வரைக்கும் வண்டியிலயே தூங்குவாரு. அவருகிட்டப் போயி, உங்க பேச்சை நம்ப மாட்டேன், கதவைத் திறங்கன்னு சொல்ல வாய் வரல."

"என் கதவைத் தட்ட வெக்கமா இருந்துச்சு. என் பேரைத் திருட வெக்கமா இல்ல."

வரிசையில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரமோனா அங்கேயே நின்றாள். போவதற்கு இடமில்லை.

அவர்கள் முறை வந்தது. அலுவலர் கவரை எடை பார்த்து, ஒட்டி, குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். இனெஸ் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பின்னால் ஒருவர் கதவின் பலகையை 'மூடியுள்ளது' பக்கமாகத் திருப்பி மாட்டினார்.

காரில் ஏறிய பிறகு, "உன் வேலை போயிடுமா?" என்று கேட்டாள் இனெஸ்.

"நான் சொன்னாப் போயிடும்."

"சொல்வியா?"

"சொல்லணும்."

இனெஸ் வண்டியைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அம்மாவோட காகிதத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றாள்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது லியாண்ட்ரோ வீட்டுக்குப் போயிருந்தார். நெருப்பு அணைந்திருந்தது. ஒர்லாண்டோ கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

இனெஸ் அவன் எதிரே போய் நின்றாள்.

"கடன் வேணாம்னு எழுதிப் போட்டுட்டு வந்தேன். கையெழுத்து நானே போட்டேன். வேணும்னா நீ போடறதோட ஒப்பிட்டுப் பாரு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். தங்கையைப் பார்த்த பார்வை நீளமாக இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோன்னேன்" என்றான்.

"முடியலண்ணே."

"நேத்து சாயங்காலமே வேலைய விட்டுட்டேன்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பால் கம்பெனியில சாவியக் கொடுத்துட்டேன். முப்பது வருஷம் ஆச்சேன்னு கேக் வெட்டினாங்க. மேலாளர்கிட்ட, இனிமே சொந்த லாரின்னு சொல்லிட்டு வந்தேன். அந்த இடத்துக்கு அப்பவே ஒரு பையனைப் போட்டுட்டாங்க."

இனெஸ் அசையாமல் நின்றாள். அவளுக்கும் இது புதிது என்று அவள் தோள்களைப் பார்த்தாலே தெரிந்தது. ரமோனாவுக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்காரும் உரிமை தனக்கு இந்த முற்றத்தில் இல்லை என்றும் தோன்றியது.

"திங்கட்கிழமை காலையில போய் நில்லு" என்றாள் இனெஸ் கடைசியில். "திரும்ப எடுத்துக்கங்கன்னு கேளு."

"எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது?"

"இருக்கற மூஞ்சியோட."

அவள் சமையலறைக்குள் போய், பாதி உரித்த மிளகாய்ப் பாத்திரத்தைக் கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள். இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். உறை மாட்டாமலேயே உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனும் ஒரு மிளகாயை எடுத்தான். ரமோனாவை உட்காரச் சொல்லி யாரும் ஒரு பெட்டியை நகர்த்தவும் இல்லை.

அவள் தன் காருக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி, வெல்டன் அம்மாளின் எண்ணை அழுத்தினாள். சனிக்கிழமை எடுக்க மாட்டாள் என்ற நம்பிக்கை ஒன்று உள்ளே இருந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ரமோனாவா? பாராட்டினதுக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டியா? அதெல்லாம் வேணாம். நல்லா வேலை செய்யறவங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

"அம்மா, புதன்கிழமை பெலென்ல வாங்கின கையெழுத்து... அந்த வீட்டுக்காரம்மாவ நான் பாக்கல. அவங்க என் முன்னாடி வரல. வந்ததா முத்திரை குத்திட்டேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. பேசியபோது அது வேறு குரலாக இருந்தது.

"நீ என்ன சொல்றன்னு உனக்குப் புரியுதா?"

"புரியுது. தப்பு என்னோடது. முத்திரைய திங்கட்கிழமை காலையிலயே கொண்டு வந்து கொடுத்துடறேன். அவங்க கடன் வேணாம்னு எழுதித் தபால்லயும் போட்டுட்டாங்க."

"அது இருக்கட்டும். அவங்க உன் முன்னாடி வரலன்ன."

"வரல."

"அவங்க வீட்டுலயாவது இருந்தாங்களா?"

"இல்ல."

வெல்டன் அம்மாள் எதையோ எழுதுவது கேட்டது. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றுதான் ரமோனா நினைத்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது.

"அப்ப அத்தனை தாள்லயும் அந்தம்மா பேரைப் போட்டது யாரு, ரமோனா?"

முற்றத்தில் ஒர்லாண்டோ தலையை நிமிர்த்தினான். கண்ணாடி வழியே, கையில் பாதி உரித்த மிளகாயோடு, அவளையே பார்த்தான்.